கடற்கரையா, காட்டாறா, தோப்பா? நெல்லைச் சீமையில் காசில்லாமல் டென்ட் போட எது தோது

உவரிக் கடற்கரை மணலில் படுக்கலாமா, காட்டுக்குள் இருக்கும் காரையாற்றுப் பாறையில் படுக்கலாமா என்று கேட்பவர்கள் இரண்டும் ஒரே வகைக் கேள்வி என்று நினைத்துக் கேட்கிறார்கள். அப்படி இல்லை. உவரி மணலில் இரவு தங்குவது ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய காரியம். காரையாற்றில் அனுமதியில்லாமல் தங்கினால் வனத்துறை வழக்கில் போய் முடியும். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று இந்தச் சீமையில் ஒரு சென்ட் கூடக் கிடையாது. வனத்துறை, நீர்வளத் துறை, ஊர் கமிட்டி, கோயில், சர்ச், தனியார் என்று ஒவ்வோர் அடிக்கும் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். பணம் கொடுக்காமல் தங்கலாம். கேட்காமல் தங்க முடியாது.

இங்கே எடுத்துக்கொள்வது நான்கு இடங்கள்: களக்காடு–முண்டந்துறைக் காடுகளுக்குள் ஓடும் ஆறுகள், கூட்டப்புளி முதல் உவரி வரையிலான கடற்கரை, பாபநாசத்துக்குக் கீழே சமவெளியில் தாமிரபரணிக் கரை, மலையடிவாரத்தில் தெரிந்தவர் தோப்பு.

## எதை வைத்து எடை போடுவது

இடம் யாருடையது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லையென்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். அடுத்தது மாதம். இங்கே காற்றும் மழையும் வருகிற காலம் ஓரளவு தெரிந்ததுதான். அதை மீறிப் போனால் எவ்வளவு நல்ல டென்டும் நிற்காது. மூன்றாவது, குடிக்கத் தண்ணீர். நான்காவது, நடுராத்திரி வெளியேற வேண்டி வந்தால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, வழி எது. கடைசியாக மறைசெலவு: சோதனைச்சாவடிக் கட்டணம், தண்ணீர் கேன், துருப்பிடித்த அடுப்பு, கிழிந்த மெத்தை.

அழகு இந்தக் கணக்கில் சேரவில்லை. நான்கு இடமும் அழகுதான்.

## காட்டாறு: பகலுக்கு மட்டும்

களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு அருவி, களக்காடு தலையணை, திருக்குறுங்குடி மலைநம்பி கோயில் என்று நீங்கள் படத்தில் பார்த்த இடம் எதுவானாலும் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பதைக் கூட வனத்துறை கண்டும் காணாமல் விடுவதில்லை.

“ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில்ல ஊரே குடில் போட்டுத் தங்குதே” என்று கேட்கலாம். அது மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் நாள் குறித்து, வாகனத்துக்கு வரம்பு வைத்து, காவல் போட்டு நடத்துகிற திருவிழா. மற்ற நாட்களில் அதைக் காட்டி வாதாட முடியாது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் ராத்தங்கல் அங்கே சரிவராது. ஆற்றோரத்தில் டென்ட் போடத் தோதான சமதரை எதுவோ அதுதான் யானையும் கரடியும் மிளா மானும் தண்ணீருக்கு இறங்குகிற தடம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தை அவை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டன. சாப்பாட்டு வாசனைக்குக் கரடி வரும். இந்த அடிவார ஊர்களில் கரடியும் சிறுத்தையும் தெருவுக்கே இறங்கி வருவது செய்தியில் வருகிற விஷயம்தான்.

தண்ணீரும் நம்பத்தக்கது இல்லை. பொதிகை உச்சியில் பெய்கிற மழை கீழே இருப்பவருக்குத் தெரியாது. வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். நிறம் மாறுவது, சருகும் சுள்ளியும் மொத்தமாக மிதந்து வருவது, சத்தம் கனப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் சாமானை எடுக்க நிற்காமல் மேலேற வேண்டும். பகலில் இது கண்ணில் படும். தூக்கத்தில் படாது.

சட்டப்படி உள்ளே தங்க வேண்டுமென்றால் வனத்துறை ஓய்வு விடுதிக்கு முன்னனுமதி வாங்க வேண்டும். நடப்பதற்கு, 2024-இல் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இணையவழி பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். இரண்டும் காசு கொடுத்துச் செய்வது. அதற்கு மேல் மறைசெலவு வேறு: சாவடியில் கட்டணம், பையைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டில், மது இருக்கிறதா என்ற சோதனை, சில நாள் வாசலிலேயே திரும்ப வேண்டிய நிலை. கோடைத் தீக்காலம், கனமழை, விலங்குக் கணக்கெடுப்பு என்று வழி திடீரென மூடப்படும். கிளம்பும் முன் அம்பாசமுத்திரம் அல்லது களக்காடு வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுவது பெட்ரோலை மிச்சப்படுத்தும்.

ஆகவே காலையில் முதல் ஆளாக உள்ளே போய், குளித்து, மாலைக்குள் இறங்கிவிடுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ராத்திரிப் படுக்கைக்குக் கீழே வாருங்கள்.

## கடற்கரை: கேட்டால் கிடைக்கும், காற்று விட்டால் நிலைக்கும்

கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி என்று நீளும் இந்தக் கரையில் மணலை ஆள்வது மீனவர் ஊர்கள். அரசுப் புறம்போக்கு என்று ஏட்டில் இருந்தாலும் நடைமுறையில் ஊர் கமிட்டியும் பங்குச் சாமியாரும் சொன்னால்தான் ராத்திரி நிம்மதி. வெளிச்சம் இருக்கும்போதே போய், வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் நேராகச் சொல்லுங்கள்: “அண்ணாச்சி, நாங்க நாலு பேரு. இன்னைக்கு ராத்திரி மட்டும் இந்த மணல்ல படுத்துக்கிடலாமா? வள்ளம் எறக்குற எடத்துல கெடக்க மாட்டோம். விடிஞ்சதும் கெளம்பிருவோம்.” யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அவரே காட்டிவிடுவார். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் ரோந்து வந்தால் கேட்பார்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கரையில் தங்குவதை யோசிக்கவே வேண்டாம்.

வள்ளம் இறக்குகிற இடத்தைத் தவிர்ப்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. விடியலுக்கு வெகு முன்பே வள்ளங்கள் இறங்கத் தொடங்கும். சில ஊர்களில் டிராக்டர் வைத்து இழுப்பார்கள். இருட்டில் உங்கள் டென்ட் அவர்கள் கண்ணில் படாது. ஞாயிறு தொழிலுக்குப் போவதில்லை என்பதால் கத்தோலிக்க ஊர்களில் சனி இரவு கரை அமைதியாக இருக்கும்.

முதல்முறை வருகிறவர்களுக்கும் பெண்கள் உடன் வரும் குழுக்களுக்கும் உவரிதான் தோது. அந்தோனியார் கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வெளியூர் மக்கள் வந்து தங்குவது அந்த ஊருக்குப் பழக்கம். கழிப்பறை, குளியலறை, கடை எல்லாம் எட்டும் தூரத்தில். செவ்வாய்க்கிழமை, தைப்பூசம், வைகாசி விசாகம் போன்ற நாட்களில் கூட்டம் நெரியும். அந்த நாட்களில் டென்டுக்கு இடம் தேடுவது வீண்.

இனி மணல் விஷயம். டென்டோடு வரும் ஏழு அங்குல ஆணி இங்கே ஒரு பயனும் தராது. ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். காலி அரிசிப் பை ஆறு எடுத்துப் போங்கள். பாதி மணல் நிரப்பி, வாயைக் கட்டி, பையின் நடுவில் கயிற்றைச் சுற்றி முடிந்து, ஒன்றரை அடி ஆழத்தில் கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் படுக்க வைத்துப் புதைத்து மிதித்துவிடுங்கள். நான்கு மூலைக்கு நான்கு, காற்று அடிக்கும் பக்கத்துக்குக் கூடுதலாக இரண்டு. காலையில் மணலைக் கொட்டிவிட்டுப் பையை மடித்து எடுத்துவரலாம்.

எவ்வளவு மேலே தள்ளிப் போட வேண்டும்? இந்தக் கடலில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். அதை நம்பி ஈர மணலுக்குப் பத்தடி தள்ளிப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கள்ளக்கடல் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாதபோது வந்து கரையேறும். கோடை மாதங்களில் இது அதிகம். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் கடலில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மாவட்டவாரியாக எச்சரிக்கை தருகிறது. கிளம்பும் அன்று பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் முளைத்திருக்கும் கோட்டுக்கு மேலேதான் படுக்க வேண்டும். அந்தச் செடி நிலைத்திருக்கிறதென்றால் கடல் அங்கே அடிக்கடி வருவதில்லை என்று பொருள்.

கோட்டுக்கு மேலே போனால் முள் காத்திருக்கிறது. குடை பிடித்தாற்போல நிற்கும் உடைமரம் இந்தக் கரையின் அடையாளம். அதன் வெள்ளை முள் காற்றடைத்த மெத்தை, டென்டின் தரை, பைக் டயர் எல்லாவற்றையும் ஊசியாகக் குத்தும். நிழலுக்கு ஆசைப்பட்டு அதன் அடியில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் தரையை ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிப் பொறுக்கி, தடித்த தார்ப்பாய் விரித்து, காற்று மெத்தைக்குப் பதில் கோரைப்பாய் போடுங்கள்.

ஆற்று முகத்துவாரம் அழகாக இருக்கும். அங்கே படுக்கக் கூடாது. நம்பியாறு களக்காட்டு மலையில் பிறந்து இதே மாவட்டக் கடலில் சேர்கிறது. வறண்ட மாதங்களில் இப்படிப்பட்ட ஆறுகளின் வாயை மணல்திட்டு அடைத்திருக்கும். மலையில் ஒரு பெருமழை பெய்தால் அந்தத் திட்டு உடைத்துக்கொண்டு போகும்.

தண்ணீரும் இங்கே செலவுதான். கரையோரக் கிணறுகள் பலவும் உப்பு. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர் வையுங்கள். நாலு பேருக்கு ஓர் இரவென்றால் 20 லிட்டர் கேன் ஒன்று, கை கழுவ இன்னொன்று. திசையன்விளையில் நிரப்பிக்கொண்டு வருவது நல்லது. கேஸ் அடுப்பு காற்றில் இரண்டு பங்கு எரிவாயு தின்னும். காற்று மறைவு வைத்தால் பிழைக்கும். ஆனால் சிலிண்டரைச் சுற்றித் தகரத்தால் முழுக்க மறைத்தால் சூடேறி வெடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் மறையுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே ஜிப்பையும் அடுப்பையும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் அடுத்த முறை ஜிப் நகராது.

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். விறகு மூட்டமும் வெள்ளை விளக்கும் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் போதும்.

## சமவெளியில் தாமிரபரணி

பாபநாசத்துக்குக் கீழே விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல், சேரன்மகாதேவி என்று ஆறு வயலுக்கும் தோப்புக்கும் நடுவே போகிறது. படித்துறையும் மண்டபமும் உண்டு. பேருந்து நிறைய. காசும் கம்மி. சைக்கிளிலோ பேருந்திலோ வருகிறவருக்கு இதுதான் எளிது.

கேட்க வேண்டியது படித்துறையை ஒட்டிய கோயில்காரர் அல்லது பக்கத்துத் தோப்புக்காரர். திருப்புடைமருதூர் மட்டும் வேண்டாம். கோயிலை ஒட்டிய மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால் 2005 முதல் அது பாதுகாக்கப்பட்ட பகுதி. நெல்லை மாநகரைத் தாண்டிய பிறகு ஆற்றில் சாக்கடை கலக்கிறது. குளிக்கக் கூட மனம் வராது. மேலே எடுத்த தண்ணீரையும் தளதளவென்று கொதித்த பிறகுதான் குடிக்க வேண்டும்.

இந்த ஆறு அணைக்குக் கட்டுப்பட்டது. பாபநாசம் அணையில் திறந்தாலும் மின்நிலையத்தில் ஓட்டம் கூட்டினாலும் கீழே மட்டம் சில மணி நேரத்தில் ஏறும். ஆகவே மணல்திட்டிலும் நாணலுக்குள்ளும் படுக்கக் கூடாது. தண்ணீர் மட்டத்திலிருந்து செங்குத்தாகப் பத்து, பதினைந்து அடி உயரம் வேண்டும். கரை மரக்கிளைகளில் துணியும் பிளாஸ்டிக்கும் எந்த உயரத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். வெள்ளம் வந்துபோன மட்டம் அது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது இந்த ஆறு எதுவரை ஏறியது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

குளிப்பதிலும் இரண்டு கண்ணி உண்டு. பழைய மணல் பள்ளங்கள்: இடுப்பளவு தண்ணீர் அடுத்த அடியில் ஆளை விழுங்கும். இன்னொன்று, பாபநாசத்தில் பரிகாரம் என்று விட்டுவிட்டுப் போகும் துணிகள்: ஆற்றடியில் மண்டிக் காலைச் சுற்றும். உள்ளூர் ஆட்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும், அவர்கள் நிற்கிற ஆழம்வரை மட்டும் இறங்குங்கள்.

## அடிவாரத் தோப்பு

கடையம், ஆழ்வார்குறிச்சி, மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் நான்கில் இதுதான் சிறந்தது என்பது எங்கள் கட்சி. பகலில் காட்டாறு, ராத்திரி மோட்டார் ரூம் திண்ணை. தண்ணீர் பம்புசெட்டில் கொட்டுகிறது. டென்டே வேண்டாம், கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் போதும். காசு கேட்க மாட்டார்கள். போகும்போது ஊர்க் கடையில் சேவும் பழமும் வாங்கிப் போவது முறை.

ஆபத்து வேறு வகையில் இருக்கிறது. பன்றிக்காகச் சிலர் சட்டத்துக்குப் புறம்பாக வேலியில் மின்சாரம் விடுகிறார்கள். ராத்திரி வாழைத் தோட்டத்து வரப்பில் நடக்கவே கூடாது. எந்தப் பக்கம் போகக் கூடாது என்று தோப்புக்காரரிடம் வெளிச்சத்திலேயே கேட்டுவிடுங்கள். தென்னைக்கு அடியில் படுக்காதீர்கள். பனைக்கு அடியிலும் வேண்டாம். ஆடி, ஆவணியில் பழம் விழும், காற்றுக் காலத்தில் காவோலை விழும். மிச்சச் சோற்றையும் பழத்தோலையும் வெளியே போட்டால் கரடிக்கு அழைப்பு.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியையும் சிலர் கேட்கிறார்கள். பெரிய தேரிகளில் குதிரைமொழித் தேரி போன்றவை காப்புக்காடு; அங்கேயும் வனத்துறை அனுமதி வேண்டும். ஓரத்தில் தனியார் பனங்காடு கிடைத்தால் தங்கலாம். சுருட்டை விரியன் மணலோடு மணலாகக் கிடக்கும் என்பதால் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, ஷூவை உதறாமல் போடக் கூடாது.

## மாதம் பார்த்து

| மாதம் | கடற்கரை | தாமிரபரணிக் கரை | தோப்பு |
|---|---|---|---|
| ஜனவரி நடு முதல் மார்ச் நடு வரை | மிக நல்லது. பனிக்கு மேல்விரிப்பு வேண்டும் | நல்லது | நல்லது |
| மார்ச் கடைசி முதல் மே வரை | கள்ளக்கடல் எச்சரிக்கை பார்த்து மட்டும் | புழுக்கம், கொசு | நல்லது. நெருப்பு மூட்டாமல் |
| ஜூன் முதல் செப்டம்பர் வரை | வேண்டாம் | நல்லது. அணை திறப்பு கேட்டுக்கொண்டு | நல்லது. காற்று மறைவு பார்த்து |
| அக்டோபர் முதல் ஜனவரி தொடக்கம் வரை | வேண்டாம் | வேண்டாம் | ஓட்டுக்கூரை இருந்தால் மட்டும் |

ஜூனில் கடற்கரை ஏன் வேண்டாம் என்பதற்கு ராதாபுரம், பணகுடி வழியில் நிற்கும் காற்றாலைகளே விடை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் இறைக்கும். டென்டின் கம்பி இரண்டாம் நாள் வளைந்திருக்கும். அதே மாதங்களில் தென்காசிப் பக்க அடிவாரத்தில் குற்றாலச் சாரல். நெல்லைக்காரர்கள் அப்போது மேற்கே போவதும் தையில் கிழக்கே போவதும் இதனால்தான்.

## யாருக்கு எது

சிறு பிள்ளைகளோடு வருகிறீர்களா, தோப்பு. தோப்பு கிடைக்கவில்லையென்றால் தை, மாசியில் உவரி. பைக்கில் இரண்டு பேர், ஒரே இரவு, கையில் காசில்லை என்றால் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் படித்துறை மண்டபம். காலையில் அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பலாம். டென்டுக்குள் படுத்து அலையைக் கேட்க வேண்டும் என்பவர் ஜனவரி பிற்பாதியில் ஒரு சனிக்கிழமையைப் பிடிக்கட்டும். காட்டுக்குள் ராத்திரி இருந்தே ஆக வேண்டும் என்பவர் இலவசத்தை மறந்துவிட்டு வனத்துறை விடுதிக்கு எழுதிப் போடட்டும்.

எங்கே போனாலும் அடிபட்டால் 108, கடலில் ஆபத்தென்றால் 1093, வெள்ளமென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தைக் கழிக்காமல், கடிபட்ட காலை அசைக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மலைப்பக்கம் அம்பாசமுத்திரம், கடற்பக்கம் ராதாபுரம். அங்கிருந்து தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போன் சிக்னல் அடிவாரத்தில் பல இடங்களில் எடுக்காது. எங்கே படுக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கடைசியாக டீ குடித்த கடைக்காரரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.